படிப்பா, பட்ட பாடா? – ‘படிப்பே’ அணியில் பேசியது

நடுவர் ஐயா அவர்களே, எதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ‘பட்ட பாடு’ அணியினரே, நூலக வாரத்துக்குப் பட்டிமன்றம் வைத்தால் கூட்டம் வருமா என்று பயந்து கையோடு சுண்டலுக்கும் சொல்லி வைத்த வாசகர் வட்டத்தாரே, எல்லாருக்கும் வணக்கம்.

சுண்டல் வந்த நேரத்தில் உள்ளே வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ‘ராபன் தீவில் அரசியல் கைதிகளை உறவாக்கியது படிப்பா, பட்ட பாடா?’ தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தீவு அது. 1960களின் தொடக்கத்திலிருந்து 1991 வரைக்கும் நிறவெறி அரசு தனக்கு ஆகாதவர்களை அங்கே கொண்டுபோய் அடைத்தது. மண்டேலா மட்டும் அங்கே 1964இலிருந்து 1982 வரை, 18 வருஷம்.

எனக்கு முன்னால் பேசின அண்ணன் நன்றாகப் பேசினார். சுண்ணாம்புக்கல் குவாரியைப் பற்றிச் சொன்னார். வெயில் வெள்ளைப் பாறையில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி கேட்டால் வருஷக்கணக்கில் தரமாட்டார்கள், சாயங்காலம் திரும்பும்போது ஆள் முழுக்க வெள்ளைப் பொடி பூசின மாதிரி இருப்பார்கள் என்று சொன்னார். எல்லாம் உண்மை. கடைசியில் ஒரு குறளையும் எடுத்து வீசினார். ‘உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு.’ கைதட்டலும் வாங்கினார். 788ஆவது குறள். அண்ணே, அதே அதிகாரத்தில் ஐந்து குறள் முன்னால் போயிருந்தால் எங்கள் அணிக்கு வந்திருப்பீர்கள். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு.’ நட்புக்கு உவமை தேடின வள்ளுவருக்குப் புத்தகம்தான் கிடைத்தது. குவாரி கிடைக்கவில்லை.

இப்போது குவாரிக்குள்ளேயே வருகிறேன். பட்ட பாடுதான் உறவாக்கியது என்கிறீர்கள். அப்படியென்றால் எல்லாரும் ஒரே பாடு பட்டிருக்க வேண்டும், இல்லையா? அந்தச் சிறையில் படுகிற பாட்டிலும் சாதி பார்த்தார்கள். அரசுக்கு எதிராக நாசவேலை செய்தார்கள் என்று போட்ட ரிவோனியா வழக்கில் மண்டேலாவும் தோழர்களும் ஆயுள் தண்டனை வாங்கி ஒரே விமானத்தில் வந்து இறங்கினவர்கள். அதில் அகமது கத்ராடா இந்திய வம்சாவளி, அதனால் அவருக்கு முழுக்கால் பேன்ட். மண்டேலாவும் அவர் தோழர் வால்டர் சிசுலுவும் கறுப்பர்கள், அவர்களுக்கு அரைக்கால் டவுசர். கத்ராடாதான் அந்தக் கூட்டத்தில் வயதில் இளையவர்! ராத்திரிச் சாப்பாட்டுக்கு இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் கால் ரொட்டி, கொஞ்சம் மார்ஜரின். ஆப்பிரிக்கருக்கு ரொட்டி கிடையாது. கேட்டால், ரொட்டி ஐரோப்பியச் சாப்பாடு, இவர்களுக்குப் பிடிக்காது என்று பதில். ஒரே பந்தியில் ஒருத்தன் இலையில் வடை வைத்து அடுத்தவன் இலையைத் தாண்டிப் போனால் உறவா வரும்? நம் ஊர்க் கல்யாணத்தில் இதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற குடும்பங்கள் இல்லையா? அரசாங்கம் தெரிந்தேதான் செய்தது. துன்பத்தை அளந்து, ஆளுக்கு ஒரு அளவாகக் கொடுத்தால் ஒன்று சேரமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆரம்ப வருஷங்களில் அதே தீவில் கொலை, கொள்ளைக் கைதிகளும் இருந்தார்கள். அரசியல் கைதிகளைச் சீண்டுவதற்கென்றே பக்கத்தில் வேலைக்கு விட்டார்கள். ‘ரிவோனியாவில் உங்களுக்கு என்ன வேலை, ஆட்சியையா பிடிக்கப் போனீர்கள்’ என்று கேலிப்பாட்டுப் பாடினார்கள் அவர்கள். அதே தீவு, அதே கல், அதே வெயில். பட்ட பாடு உறவாக்கும் என்றால் அவர்கள்தானே முதலில் மச்சான் முறை கொண்டாடியிருக்க வேண்டும்?

சரி, அரசியல் கைதிகளாவது ஒரே கட்சியா? மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஒரு பக்கம். அதிலிருந்து 1959இல் பிரிந்து போன பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸ் இன்னொரு பக்கம். இரண்டும் பங்காளிகள், அதனால் சண்டை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஐக்கிய இயக்கத்துக்காரர்கள் தனி. லிபரல் கட்சிக்காரர் ஒற்றை ஆள். 1976க்குப் பிறகு கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்து இளைஞர்கள் வேறு. வெளியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவர்கள். இவர்களை ஒரே வரிசை அறைகளில் போட்டால் என்ன நடக்கும்? பூட்டிவைத்த கட்சி அலுவலகம் மாதிரி இருக்கும்.

அங்கே என்ன நடந்தது என்பதை அவர்கள் வேலை செய்த இடத்திலேயே பாருங்கள். குவாரியில் நாலு பேர், ஐந்து பேராகக் கூடிக் கூடிக் கல் உடைத்தார்கள். வார்டர் கண்ணுக்கு அது வேலைக் கூட்டம். உண்மையில் ஒவ்வொரு கூட்டமும் ஒரு வகுப்பு. நடுவில் நின்று கோடாரி ஓங்குகிறவர் வாத்தியார். வால்டர் சிசுலு பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, ஆனால் இயக்கத்தின் வரலாறு முழுக்க அவர் மண்டைக்குள் இருந்தது, குறிப்புத்தாள் இல்லாமலே எடுத்தார். அதே கட்சியின் மேக் மகராஜ் மார்க்சியம். மண்டேலா அரசியல் பொருளாதாரம். கத்ராடா எடுத்த பாடம் எது தெரியுமா? இந்தியர்களின் போராட்ட வரலாறு. அதாவது 1913 சத்தியாக்கிரகம், சிறைக்குப் போய் வந்து 16 வயதில் 1914இல் செத்துப்போன நம் தில்லையாடி வள்ளியம்மை நடந்த பாதை. டவுசர் போட்ட ஆப்பிரிக்கருக்கு பேன்ட் போட்ட இந்தியர், நீங்கள் மட்டும் இல்லையப்பா, நாங்களும் இப்படித்தான் வந்தோம் என்று கல் உடைத்துக்கொண்டே சொல்லித்தருகிறார். கால் ரொட்டி பிரித்ததைக் கத்ராடாவின் பாடம் கூட்டியதா இல்லையா, சொல்லுங்கள்.

இதற்கு அவர்கள் முறையாகப் பாடத்திட்டமே போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு வருஷப் படிப்பு. அடுத்த கட்டடத்தில் இருந்த பொதுப் பிரிவுக் கைதிகள் இதைக் கேள்விப்பட்டு எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே கூடாது. அதனால் பாடம் அஞ்சல் வழியில் போனது. அஞ்சல் என்றால் தபால்காரர் இல்லை. சமையல்கட்டிலிருந்து வருகிற சாப்பாட்டு டிரம்மின் அடியில் பிளாஸ்டிக் சுற்றி ஒட்டின காகிதம். வழியில் கிடக்கிற தீப்பெட்டிக்குப் பொய் அடித்தட்டு. பாலைத் தொட்டு எழுதினால் காய்ந்ததும் எழுத்து மறைந்துவிடும். அறை கழுவக் கொடுத்த கிருமிநாசினியை அதன் மேல் தெளித்தால் எழுத்து திரும்ப வரும். அரசாங்கமே மருந்தும் கொடுத்து உதவியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து சந்தேகமும் மறுப்பும் திரும்பி வரும். முகம் பார்க்காத மாணவனுக்கு, மாட்டினால் சோற்றை நிறுத்துவார்கள் என்று தெரிந்தும், ஒரு வாத்தியார் வீட்டுப்பாடம் திருத்தி அனுப்புகிறார் ஐயா! இந்த உறவுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இங்கே எதிரணித் தங்கச்சி ஒரு கொக்கி போட்டார். 1966 உண்ணாவிரதத்தில் எல்லாப் பிரிவும் ஒன்றாக நின்றதே, அது படிப்பா என்று. தங்கச்சி, பொதுப் பிரிவில் உண்ணாவிரதம் தொடங்கினது மண்டேலா இருந்த பிரிவுக்கு எப்படித் தெரிந்தது? டிரம்மின் அடியில் ஒட்டி வந்த சீட்டில்தான். எழுதத் தெரிந்தவன் எழுதி, படிக்கத் தெரிந்தவன் படித்ததால் வந்த ஒற்றுமை அது. (அந்த உண்ணாவிரதத்தில் ஒரு வேடிக்கை. கைதிகளைப் பார்த்து வார்டர்களும் தங்களுக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்று சாப்பிடாமல் இருந்தார்கள். நிர்வாகம் ஆடிப்போய் இறங்கி வந்தது.)

நானும் வாத்தியார்தான். ஒன்று சொல்கிறேன், இதில் கதை இல்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்துக்காக எங்கள் ஊரில் ராத்திரி வகுப்பு எடுத்தேன். ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஏழெட்டுப் பலகை, பதினைந்து பெண்கள். அதில் இரண்டு பேர் ஓரகத்திகள். கிணற்றடிச் சுவர் விவகாரத்தில் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு பேரும் ஒரே வெயிலில் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள், ஒரே மாமியாரிடம் இடி வாங்கினவர்கள். பட்ட பாட்டுக்குக் குறைச்சலே இல்லை. பேசவில்லை. ஒரு நாள் பெரியவளுக்கு ‘ழ’ வரவில்லை. எத்தனை தடவை போட்டாலும் வால் வேறு பக்கம் போகிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்த சின்னவள், ‘பலகையை இங்க தள்ளு’ என்றாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை அதுதான்.

ஏன் அது நடந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கஷ்டப்படும்போது நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை. படிக்க வேண்டும் என்றால் எதிரில் உட்கார வேண்டும். எனக்கு இது தெரியாது, சொல்லிக்கொடு என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். அரசியல்வாதிக்கு இதைவிடக் கஷ்டமான வாக்கியம் உண்டா? வேறு கட்சிக்காரனிடம் கேட்பது என்றால்?

நெவில் அலெக்சாண்டர் என்று ஒருவர். ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினவர். மண்டேலாவின் கட்சியைக் கடுமையாக விமர்சித்தவர். 1964இலிருந்து பத்து வருஷம் அந்தத் தீவில் இருந்தார். தேசம் என்றால் என்ன, தென்னாப்பிரிக்காவில் இருப்பது ஒரு தேசமா நாலு தேசமா என்று மண்டேலாவோடு நீளமாக, விடாமல் வாதம் செய்தார். ஒருத்தர் இன்னொருத்தர் கட்சியில் சேர்ந்தாரா? இல்லை. ஆனால் இரண்டு பேரும் அடுத்த நாள் வாதத்துக்கு முன்னாலேயே எதிராளி என்ன சொல்வான் என்று யோசித்துத் தயாராக வேண்டியிருந்தது. எதிராளியின் மண்டைக்குள் புகுந்து பார்ப்பதைவிட நெருக்கமான உறவு வேறு உண்டா? எங்கள் நடுவர் ஐயாவுக்கு இது தெரியும், நாற்பது வருஷமாக அந்த வேலைதானே பார்க்கிறார்.

நடுவர் ஐயா, உங்களுக்கு ஒரு நற்செய்தி. அவர்கள் பட்டிமன்றமும் நடத்தினார்கள். தலைப்பைக் கேளுங்கள்: ‘ஆப்பிரிக்கக் காட்டில் புலி உண்டா, இல்லையா?’ மண்டேலாவே பின்னாளில் எழுதியிருக்கிறார், இந்த விவாதம் திரும்பத் திரும்ப வந்தது என்று. ஒரு அணி, புலி ஆசியாவில்தான், இங்கே சிறுத்தைதான் என்றது. மறு அணி, புலி உண்டு, சில பேர் என் கண்ணாலேயே பார்த்தேன் என்றது. மண்டேலா நடுவில் ஒரு வாதம் வைத்தார்: இப்போது இல்லாமல் இருக்கலாம், ஆனால் எங்கள் கோசா மொழியில் சிறுத்தைக்கு ஒரு சொல், புலிக்கு வேறு சொல் இருக்கிறது. விலங்கே இல்லாமல் பெயர் எப்படி வந்தது? உடனே மேக் மகராஜ் எழுந்தார். விமானம் கண்டுபிடிப்பதற்கு நூற்றுக்கணக்கான வருஷம் முன்னாலேயே இந்தியில் வானத்தில் பறக்கிற வண்டிக்கு ஒரு சொல் இருந்தது, அதற்காக அந்தக் காலத்து இந்தியாவில் விமானம் ஓடினதா என்று கேட்டார். நமக்கும் புஷ்பக விமானம் தெரியும். இந்த ஒரு கேள்விக்கு நம் ஊரில் மேடை உடைந்திருக்கும். அங்கே உடையவில்லை. அடுத்த நாளும் கோடாரியைத் தூக்கிக்கொண்டு வந்து, நேற்று எங்கே விட்டோம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள்.

இனி முறையான படிப்பு. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் சேரலாம், அனுமதி கிடைத்தால். கட்டணம் உன்னுடையது. அரசியல் பாடம் கூடாது, போர் வரலாறு கூடாது. உன் புத்தகத்தை இன்னொருத்தனுக்குக் கொடுக்கக்கூடாது. கடைசி விதியைக் கவனியுங்கள். படிப்பு உறவை வளர்க்கும் என்பதில் எதிரணிக்குச் சந்தேகம் இருக்கலாம். சிறை நிர்வாகத்துக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்த விதி. பணம் கட்ட வீடு இருந்தவன் சேர்ந்தான், இல்லாதவன் அவன் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக வாங்கிப் படித்தான். மாட்டினால் கொடுத்தவன் படிப்பு போகும். அப்படியும் கொடுத்தார்கள். கடன் கொடுத்த பணத்தை எழுதி வைப்பவர்கள் நாம். அவர்கள் தங்கள் படிப்பையே பணயம் வைத்துக் கடன் கொடுத்தார்கள்.

மேஜைக் கதையைச் சொல்லாமல் போகமாட்டேன். படிக்க அனுமதி கொடுத்தார்கள், மேஜை கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் சுவரில் மார்பு உயரத்தில் ஒரு பலகையை அடித்தார்கள். பகல் முழுக்கக் கல் உடைத்துவிட்டு ராத்திரி நின்றுகொண்டே படி! கத்ராடாவுக்குப் பொறுக்கவில்லை. பலகை இவ்வளவு சரிவாக இருக்கிறதே, வழுக்கி விழுகிற புத்தகத்தைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று தலைமை அதிகாரியிடம் புகார் சொன்னார். ஒரு நாள் அதிகாரி திடீரென்று கத்ராடாவின் அறைக்கே வந்தார். ஒரு புத்தகம் கொடு என்றார். பலகையில் வைத்தார். அது அசையவில்லை. இன்னொன்று கொடு என்றார். அதுவும் அசையவில்லை. பலகைக்கு ஒன்றும் இல்லையே என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். நான் பரீட்சை மேற்பார்வைக்குப் போகிற இடத்தில் பெஞ்சு ஆடுகிறது என்று சொன்னாலும் அதிகாரி வரும்போது ஆடாது, அந்த மாதிரி. ஆனாலும் அவர்கள் விடவில்லை. ஆறு மாதம் கழித்துப் பலகை கீழே இறங்கியது, மூன்று கால் முக்காலியும் வந்தது.

பொருளாதாரம் படித்த மேக் மகராஜ் ‘எகனாமிஸ்ட்’ இதழ் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார். கூட இருந்தவர்களே சிரித்தார்கள். அது செய்தி இதழப்பா, தருவானா? இவர்கள் தலைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்றார் மகராஜ். ஒரே மாதத்தில் இதழ் வந்தது! செய்தித்தாளே கண்ணில் படாத மனிதர்களுக்கு லண்டனிலிருந்து வாராவாரம் உலகம் வந்து இறங்கியது. கொஞ்ச நாளில் நிர்வாகம் கண்டுபிடித்து நிறுத்திவிட்டது. அது வரைக்கும் ஒருத்தர் பாடப்புத்தகம் அந்த வரிசை முழுவதுக்கும் செய்தித்தாள்.

அதே மகராஜின் பாட நோட்டுகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மண்டேலா ராத்திரியில் ரகசியமாகத் தன் வரலாற்றை எழுதினார். நாலு மாதத்தில் 500 பக்கம். எழுதின தாளைக் கத்ராடாவும் சிசுலுவும் படித்து ஓரத்தில் கருத்து எழுதுவார்கள். அதை மகராஜ் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் சுருக்கி, பத்துப் பக்கத்தை ஒரு பக்கமாக ஆக்குவார். சக கைதி லாலு சீபா அவருக்குத் துணை. சுருக்கின தாளெல்லாம் மகராஜின் படிப்பு நோட்டு அட்டைக்குள்ளே ஒளிந்து, 1976இல் அவர் விடுதலையானபோது வெளியே போனது. மூலப்பிரதியைக் கோகோ டப்பாக்களில் போட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். மறு வருஷம் சுவர் கட்டத் தோண்டினபோது ஒன்று மாட்டியது. தாளில் மூன்று பேர் கையெழுத்து. என்ன தண்டனை? அடியா, பட்டினியா? மண்டேலா, சிசுலு, கத்ராடா மூன்று பேருக்கும் நாலு வருஷம் படிப்பு ரத்து! எது எடுத்தால் வலிக்கும் என்று காவலனுக்குத் தெரிந்திருக்கிறது. மண்டேலா 1943இல் சேர்ந்த சட்டப் படிப்பை 1989இல், அப்போதும் கைதியாகவே, முடித்தார். 46 வருஷம். நம் பிள்ளைகளின் அரியர் எல்லாம் என்ன கணக்கு?

கால்பந்து எங்கே என்று அண்ணன் ஜாடை காட்டுகிறார். மக்கானா கால்பந்துச் சங்கம். சொல்கிறேன். ஃபிஃபா விதிப் புத்தகத்தைச் சிறை நூலகத்தில் படித்துப் படித்து, அதன்படி சங்கம் வைத்து, முறைப்படிக் கடிதம் எழுதி, முறையீடு எழுதி, தீர்ப்பு எழுதி விளையாடினார்கள். காகிதத்தை எடுத்துவிட்டால் அது வெறும் உதைபந்து. முதல் தலைவர் டிக்காங் மோசனெக்கே. 15 வயதில் பத்து வருஷத் தண்டனை வாங்கி வந்த பையன், பள்ளி இறுதியும் பி.ஏ.வும் அங்கேயே முடித்து, பின்னாளில் நாட்டின் துணைத் தலைமை நீதிபதியானார். அவரை எங்கள் அணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் நான் தோற்கிறேன், மறைக்கமாட்டேன். முன்னே சொன்ன லிபரல் கட்சிக்காரர் எடி டேனியல்ஸ் காய்ச்சலில் கிடந்தபோது மண்டேலா தன் மலவாளியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வந்து, இன்னொரு கையில் டேனியல்ஸின் வாளியையும் எடுத்துப் போய்க் கழுவி வைத்தார் என்று தங்கச்சி சொன்னபோது சபையே அமைதியானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அமைதியாகத்தான் இருந்தேன். ஆனால் அதே டேனியல்ஸைப் பற்றி இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தன் இயக்கத்துக்காரர் என்று அங்கே வேறு யாரும் இல்லாத ஒற்றை ஆள். பள்ளிப்படிப்பை முடிக்காமல் உள்ளே போனார். 15 வருஷம் கழித்து இரண்டு பட்டத்தோடு வெளியே வந்தார்.

படித்ததால் சண்டை வரவில்லையா? வந்தது. 1976இல் சொவெட்டோ பிள்ளைகள், எங்களுக்கு ஆட்சியாளர்களின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் வேண்டாம் என்று தெருவில் இறங்கிச் சுடப்பட்ட வருஷம். அந்தக் கோபத்தோடு இளைஞர்கள் தீவுக்கு வந்து பார்த்தால், கிழவர்கள் உட்கார்ந்து விரும்பி ஆப்பிரிக்கான்ஸ் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! எதிரியின் மொழி தெரியாமல் எதிரியிடம் எப்படிப் பேசுவது என்பது மண்டேலாவின் வாதம். மகராஜே முதலில் முரண்டு பிடித்துத்தான் படித்தார். இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! லெகோட்டா என்கிற இளைஞர் தன் இயக்கத்தை விட்டு மண்டேலாவின் கட்சிக்கு வர முடிவு செய்தபோது, பழைய தோழர் ஒருவர் தோட்டத்து முள்வாரியால் அடித்தே விட்டார். நிர்வாகம் சந்தோஷமாக வழக்குப் போட்டது. லெகோட்டா சாட்சி சொல்ல மறுத்தார். வழக்கு செத்தது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இரண்டு நிமிஷம். தீபாவளியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சன்னி வெங்கட்ரத்னம், டர்பன்காரர். மண்டேலாவின் கட்சி இல்லை, ஐக்கிய இயக்கம். 1972இல் ஆறு வருஷத் தண்டனை. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் மொத்தமும் ஒரே தொகுதியாக வைத்திருந்தார். பறித்து வைத்துவிட்டார்கள். வேத புத்தகம் என்று சொல்லித் திரும்ப வாங்கினார். மறுபடி பறிபோகாமல் இருக்க என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை வெட்டி, சாமி படம் தெரிகிற மாதிரி அட்டை முழுக்க ஒட்டினார். வார்டர் கேட்டால், என் மதப் புத்தகம் ஐயா. யாரும் தொடவில்லை.

விடுதலை நெருங்கினபோது அதை அறை அறையாகச் சுற்றவிட்டார். உங்களுக்குப் பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போட்டார்கள். 1977 டிசம்பர் 16ஆம் தேதி மண்டேலா போட்டது ‘ஜூலியஸ் சீசர்’ பக்கத்தில்: கோழை சாவதற்கு முன் பல தடவை சாகிறான். சிசுலு போட்டது வெனிஸ் வணிகன் கதையில் ஷைலாக், எல்லாவற்றையும் தோளைக் குலுக்கிப் பொறுத்துக்கொண்டேனே என்கிற இடத்தில். டர்பனைச் சேர்ந்த பில்லி நாயர் 20 வருஷம் தீவில் இருந்தவர். அவர் புரட்டிப் புரட்டிப் பிடித்த வரி, ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் தீவை இழந்த காலிபன் பேசுவது: ‘இந்தத் தீவு என்னுடையது, என் தாய் வழி வந்தது, நீ பிடுங்கிக்கொண்டாய்.’

எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பிக்கு ஒரே வேண்டுகோள். அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை கட்சி என்று எண்ணிச் சொல்லிவிட்டு, அப்புறம் குவாரிக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.